சக்கர் மீனை இனம் பார்த்து, பொந்து கொடுத்து, குஞ்சு எடுத்த பதிவு

குமரி மாவட்டத்தில் நாகர்கோவிலோ தக்கலையோ மார்த்தாண்டமோ, எந்த வண்ணமீன் கடைக்குள் போனாலும் ஒரு தொட்டியின் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நாலைந்து கறுப்பு மீன்கள் கிடக்கும். என்ன மீன் என்று கேட்டால் "சக்கர்" என்பார்கள், இல்லையென்றால் "டேங்க் கிளீனர்". இரண்டு இஞ்ச் நீளம், குறைந்த விலை, பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்ற நம்பிக்கை. அதனால் தொட்டி இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இதுவும் ஒன்று இருக்கும். ஆனால் அந்த ஒரே பெயரில் குறைந்தது மூன்று வகை மீன்கள் விற்கப்படுகின்றன. ஒன்று ஒன்றரை அடி வளரும். இன்னொன்று ஐந்து இஞ்சோடு நின்றுவிடும். மூன்றாவது இந்தக் குடும்பத்தையே சேர்ந்ததல்ல. வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது அந்த ஐந்து இஞ்ச் மீன்தான்.

தக்கலைப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்திண்ணையில் அந்த மீனை வளர்த்து இப்போது அடுத்தடுத்துக் குஞ்சுகள் எடுத்துவருகிறேன். இதைச் செய்யப் பெரிய செலவு வேண்டாம், வெளியூர்ச் சாமான் வேண்டாம். சரியான மீனை அடையாளம் கண்டு வாங்குவதும் ஆண் மீனுக்குப் பிடித்த பொந்து கொடுப்பதும்தான் முக்கால்வாசி வேலை.

முதல் இரண்டு வகையும் தென் அமெரிக்க ஆறுகளின் மீன்கள். லோரிகாரிடே என்பது குடும்பப் பெயர். கெளுத்தி இனம்தான், ஆனால் உடம்பு முழுக்க எலும்புத் தகடுகள். வாய் தலைக்கு அடியில், ஒட்டிக்கொள்ளும் வட்டமாக. இந்தக் குடும்பத்தில் நாம் கடைகளில் காணும் வகைகளில் தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், தகப்பன்தான் பொந்துக்குள் இருந்து காக்கும். வித்தியாசம் அந்தப் பொந்து எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பெரிய சக்கர் ஆற்றங்கரை மண்ணைத் தானே தோண்டி வளை செய்கிறது. கண்ணாடித் தொட்டியில் தோண்டக் கரை இல்லை, அதனால் அது அங்கே குஞ்சு பொரிப்பதில்லை. பண்ணைகளில் மண் குளம் வெட்டித்தான் அதைப் பெருக்குகிறார்கள். சின்ன சக்கர், அதாவது ஆன்சிஸ்ட்ரஸ், பாறை இடுக்கையோ மரப்பொந்தையோ தேடிப்போய்க் குடியேறுகிறது. அதற்கு நாம் பொந்து செய்து கொடுத்துவிடலாம்.

எது எது என்று பார்ப்பது

ஆன்சிஸ்ட்ரஸ் ஆண் வளர்ந்தபின் சந்தேகமே வராது. மூக்கு, நெற்றி எல்லாம் கிளை பிரிந்த மீசை முளைத்திருக்கும். சிக்கல் என்னவென்றால் கடையில் இருப்பவை குட்டிகள், மீசை வந்திருக்காது. "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, வளரும்போ மீசை வரும்" என்று கடையில் சொல்வார்கள். அந்தப் பேச்சை எடுத்துக்கொள்ளாமல் முதுகுத் துடுப்பை எண்ண வேண்டும்.

நான் ஒரு தெளிவான சதுர பிளாஸ்டிக் டப்பா கொண்டுபோவேன். மீனை அதில் விட்டு, டப்பாவை லேசாகச் சரித்தால் மீன் நிலைகொள்ள முதுகுத் துடுப்பை விரிக்கும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் செல்போனில் ஒரு படம். படத்தைப் பெரிதாக்கி, முன்னால் நிற்கும் தடித்த முள்ளை விட்டுவிட்டு, பின்னால் உள்ள மெல்லிய கதிர்களை எண்ண வேண்டும். ஆன்சிஸ்ட்ரஸுக்கு அவை 7. பெரிய சக்கருக்கு, அதாவது டெரிகோப்ளிக்திஸுக்கு, பத்தும் அதற்கு மேலும் வரும். கதிர் அதிகம் என்பதால் அதன் துடுப்பு நீண்ட அடியோடு, விரிந்தால் பாய்மரம்போல் உயர்ந்து நிற்கும். பின்னால் உள்ள சிறு கொழுப்புத் துடுப்பு வரைக்கும் ஏறக்குறைய எட்டிவிடும். இரண்டு இஞ்ச் குட்டியிலேயே இது தெரியும்.

புத்தகங்களிலும் கடைப் பட்டியல்களிலும் "ஹைப்போஸ்டோமஸ் பிளெக்கோஸ்டோமஸ்" என்று ஒரு பெயரை எல்லாக் கறுப்பு சக்கருக்கும் ஒட்டியிருப்பார்கள். உண்மையான ஹைப்போஸ்டோமஸுக்கும் முதுகில் 7 கதிர்தான். அதனால் எண்ணிக்கை மட்டும் போதாது, முகத்தையும் பார்க்க வேண்டும். ஆன்சிஸ்ட்ரஸின் மூக்கு விளிம்பில் எலும்புத் தகடு இருக்காது, வெறும் தோல்தான். தலை அகலமாகத் தட்டையாக இருக்கும். செவுளுக்குப் பக்கத்தில் கன்னத்தில் ஒரு கொத்துச் சிறு முட்கள் மடங்கிக் கிடக்கும், பயந்தால் அவை வெளியே விரியும். வலையில் மாட்டிக்கொள்வது இந்த முட்களால்தான்.

மூன்றாவது ஆள் மஞ்சள் நிறத்தில் "கோல்டன் சக்கர்" என்று வரும். அது கைரினோகைலஸ், தாய்லாந்துப் பக்கத்து ஆறுகளின் மீன். எலும்புத் தகடு இல்லை, சாதாரணச் செதில்கள். கொழுப்புத் துடுப்பும் இல்லை. சின்னதில் பாசி தின்னும். பெரிதானபின் கோல்ட்ஃபிஷ், ஏஞ்சல் போன்ற தட்டை மீன்களின் பக்கத்தில் ஒட்டி உடம்பு வழுவழுப்பைச் சுரண்டும். பல வகை மீன்களைச் சேர்த்து வளர்க்கும் தொட்டிக்கு இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பெரிய சக்கருக்குள்ளேயே இன்னும் பிரிவுகள் உண்டு. வயிற்றுப் பக்கம் தனித்தனிப் புள்ளியாக இருந்தால் பர்டாலிஸ் என்றும், புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடுகளாக ஓடினால் டிஸ்ஜங்டிவஸ் என்றும் சொல்வார்கள். பண்ணைகளில் இவை கலந்துபோனதால் நடுவாந்தரமான வயிறுகளும் நிறைய உண்டு. வீட்டுத் தொட்டிக்காரருக்கு அந்தப் பிரிவு தேவையில்லை. பெரிய சக்கர் என்று தெரிந்தால் போதும், வாங்காமல் வந்துவிடலாம்.

எல் எண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 1988-இல் ஜெர்மனியின் டேட்ஸ் என்ற மீன் வளர்ப்புப் பத்திரிகை, விஞ்ஞானப் பெயர் வைக்கப்படாமல் வந்து குவிந்த சக்கர் மீன்களுக்கு 'எல்' என்ற எழுத்தோடு வரிசை எண் கொடுக்க ஆரம்பித்தது. அது தற்காலிக அடையாளம். ஒரே இனத்துக்கு இரண்டு எண் விழுந்ததும் உண்டு: கிப்பிசெப்ஸ் என்ற சிறுத்தைப் புள்ளி சக்கருக்கு எல் 83, எல் 165 என்று இரண்டும் இருக்கின்றன. ஆகவே பட்டியலில் எண் போட்டிருப்பதால் மட்டும் இனம் உறுதியாகிவிடாது. எல் 46 என்ற வரிக்குதிரை பிளெக்கோ (பிளெக்கோ என்பதும் சக்கர்தான்) பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பிரேசிலின் ஷிங்கு ஆற்று மீன், 1991-இல் பெயர் வைக்கப்பட்டது. அதுவும் பொந்தில்தான் முட்டையிடும், ஆனால் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான். மரமும் காயும் தின்னும் மீன் அல்ல, புழு, இறால் மாதிரி உணவு வேண்டும். ஆன்சிஸ்ட்ரஸில் கை பழகாமல் அதில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

தொட்டியும் தண்ணீரும்

என் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முட்ட நிரப்பினால் 190 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 190 கிலோ. அதனால் ஸ்டாண்டை நம்பாமல் கருங்கல் திண்ணையில் தெர்மாகோல் விரித்து வைத்திருக்கிறேன். ஒரு ஆணும் இரண்டு பெண்ணும் இதில் தாராளமாக வாழும். இரண்டு ஆண் வேண்டுமென்றால் தொட்டியின் இரண்டு மூலையிலும் பொந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கன்னமுள்ளை விரித்துக்கொண்டு சண்டை.

அடியில் மெல்லிசாக ஆற்று மணல். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும், சிப்பித் தூள் தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல் பார்க்க அழகுதான், ஆனால் அது இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த கனிம மணல். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. மீன் தொட்டிக்கு அது எதற்கு?

மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துச் செம்மண் பூமிக் கிணற்றுத் தண்ணீர் இந்த மீனுக்கு ஏற்றது. எங்கள் கிணற்றில் பிஹெச் (அமில-கார அளவு, 7-க்குக் கீழே அமிலம்) 6-க்குச் சற்று மேல், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) நூறுக்கும் கீழ். ஆன்சிஸ்ட்ரஸ் கேட்பது 6 முதல் 7.5 வரை. கவனிக்க வேண்டியது ஒன்று. கிணற்றிலிருந்து இறைத்த உடனே தண்ணீரில் கரியமில வாயு அதிகமாகவும் பிராணவாயு குறைவாகவும் இருக்கும். ஒரு வாளியில் ஏர் ஸ்டோன் (பம்ப் காற்றைக் குமிழியாக விடும் கல்) போட்டு ஓர் இரவு ஓடவிட்டால் பிஹெச் தானாகக் கொஞ்சம் ஏறும், மீனும் தவிக்காது. குழாய்த் தண்ணீர் பிடிப்பவர்கள் குளோரினை எடுக்க ஆன்டி குளோரின் சொட்டு அல்லது ஹைப்போ என்ற சோடியம் தயோசல்பேட் படிகம் போட வேண்டும்.

மென்மையான தண்ணீருக்கு ஒரு பலவீனம் உண்டு. அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் சத்து அதில் குறைவு. மரக்கட்டையும் மீன் கழிவும் சேர்ந்து பிஹெச்சை மெல்ல மெல்ல இறக்கும். 6-க்குக் கீழே போனால் ஃபில்டரில் இருக்கும் அம்மோனியா தின்னும் பாக்டீரியா மந்தமாகிவிடும். அப்போது அம்மோனியா தேங்கும், ஆனால் அமிலத் தண்ணீரில் அது விஷம் குறைந்த அம்மோனியமாக இருப்பதால் மீன் சாதாரணமாகத் திரியும். அந்த நிலையில் யாராவது 7.5 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால் அதே அம்மோனியத்தில் ஒரு பங்கு ஒரே மூச்சில் விஷ அம்மோனியாவாக மாறும். "தண்ணி மாத்தினேன், மீனெல்லாம் செத்துப் போச்சு" என்று கேள்விப்படுவதில் சில இப்படி நடந்தவை. இதற்கு நான் செய்திருப்பது, சிப்பியைக் கழுவி நொறுக்கி வலைப்பையில் கட்டி ஒரு கைப்பிடி ஃபில்டர் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பிஹெச் 6.5-ஐ ஒட்டியே நிற்கிறது.

ஃபில்டர் இரண்டு ஸ்பான்ஞ், ஒரே ஏர் பம்பில். குஞ்சுகளை இழுத்துவிடாது என்பதாலும் ஸ்பான்ஞ் மேல் படியும் மண்டியைக் குஞ்சுகள் மேய்வதாலும் இதைவிட வேறு ஃபில்டர் நான் தேடவில்லை. புது ஸ்பான்ஞ்சில் பாக்டீரியா குடியேறிப் பழக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நண்பர் வீட்டுப் பழைய ஸ்பான்ஞ்சை இந்தத் தண்ணீரில் பிழிந்துவிட்டதால் எனக்கு அது சீக்கிரம் நடந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போவது நம் ஊரில் சாதாரணம் என்பதால் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கிறது. ஹீட்டர் நம் ஊருக்குத் தேவையில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் 30 டிகிரியைத் தாண்டும்போதுதான் கவலை, சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. அந்த மாதங்களில் காற்றைக் கூட்டி வைத்து, முட்டையை எதிர்பார்க்காமல் விட்டுவிடுவேன்.

மரக்கட்டை இந்த மீனுக்கு உணவும்கூட, நாள் முழுக்க அதைச் சுரண்டிக்கொண்டிருக்கும். காய்ந்த கொய்யாக் கொம்பைப் பட்டை உரித்து, நன்றாக வேகவைத்து, மூழ்கும் வரை ஊறப்போட்டுப் பயன்படுத்துகிறேன். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் மரத்துண்டு சும்மா கிடைக்கும், ஆனால் அது சீக்கிரம் மக்கும். மில்லில் அறுத்த ரப்பர் பலகையில் பூச்சி அரிக்காமல் இருக்கப் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள். அதைத் தொட்டிக்குள் போடக் கூடாது.

பொந்து

முதலில் சிரட்டை. வாய்ப்பக்கம் ஒரு துளை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் அழகாக இருக்கும், மீனும் உள்ளே போகும். ஆனால் உட்புறம் அகலம். ஆன்சிஸ்ட்ரஸ் ஆண் பெண்ணை உள்ளே விட்டு, வாசலைத் தன் உடம்பால் அடைத்து நிற்க வேண்டும், முட்டையிடும்வரை வெளியே விடாது. அகலப் பொந்தில் அது முடியாது. சிரட்டைகள் இப்போது பெண்கள் ஒளிய மட்டும்.

அடுத்து ஒன்றரை இஞ்ச் பிவிசி குழாய், ஆறு இஞ்ச் நீளம், ஒரு பக்கம் எண்ட் கேப். பசை போடாமல் அழுத்தி மட்டும் மாட்ட வேண்டும். உள்ளே உப்புத்தாள் வைத்துச் சொரசொரப்பாக்கினால்தான் முட்டை ஒட்டும். இது வேலை செய்யும், செலவும் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்தது மண் குழாய். பக்கத்து ஊரில் மண்பாண்டம் செய்யும் பெரியவரிடம் போய் அளவு சொன்னேன்: உள்விட்டம் இரண்டு இஞ்சுக்குச் சற்றுக் குறைவு, நீளம் ஆறு இஞ்ச், ஒரு பக்கம் அடைப்பு, மெருகும் சாயமும் வேண்டாம். "பூச்சட்டியும் இல்ல, டம்ளரும் இல்ல, என்ன மக்கா இது?" என்று கேட்டார். "மீன் முட்டையிட, பாட்டா" என்றதும் ஒன்றை வனைந்து, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தட்டி, உருளாமல் உட்கார வைத்துக் காட்டினார். அந்த யோசனை அவருடையது, நான் கேட்டதைவிட நன்றாக வந்தது. சுட்டு வாங்கி, சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டுத் தொட்டியில் வைத்தேன். அடைத்த பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். ஆண் துடுப்பால் விசிறும்போது முட்டை வெளியே உருளாமல் இருக்க அது உதவும்.

அளவுக்கு ஒரு கணக்கு: ஆண் மீன் பக்கத் துடுப்புகளை விரித்து நுழையும்போது இரண்டு பக்கச் சுவரையும் லேசாகத் தொட வேண்டும். மண் குழாய் வைத்தபின் ஆண் பிவிசி பக்கமே போகவில்லை.

ஜோடி, தீனி, மழை

ஆறேழு சென்டிமீட்டர் தாண்டியதும் ஆண் பெண் தெரிய ஆரம்பிக்கும். ஆணுக்கு மூக்கின் நடுவிலும் நெற்றியிலும் மீசை ஏறும். பெண்ணுக்கு உதட்டு விளிம்பில் மட்டும் குட்டையாக, அல்லது ஒன்றுமே இருக்காது. முட்டைக்கு வந்த பெண்ணை மேலிருந்து பார்த்தால் வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். மீசை எதற்கு என்பதற்கு ஆய்வாளர்கள் சிலர் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். மீசைக் கிளைகள் குஞ்சுகளின் உருவத்தை ஒத்திருப்பதால், ஏற்கெனவே குஞ்சு காக்கும் தகப்பன் இது என்று பெண் நம்பி வருகிறதாம். ஆண் பொந்து வாசலில் மீசையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த விளக்கம் சரியென்றே படுகிறது.

தீனி பெரும்பாலும் காய்தான். வெள்ளரி, சுரைக்காய், பூசணி, அரை வேக்காட்டில் முருங்கைக்கீரை. வடசேரி சந்தையில் வாங்கும் காயைத் தோல் சீவித்தான் போடுவேன், மருந்தடித்த மிச்சம் மீனுக்குப் போய்விடக் கூடாது. மாலையில் போட்டு மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். பெண்ணுக்கு முட்டை பிடிக்கக் கொஞ்சம் புரதமும் வேண்டும், வாரத்தில் ஓரிரு தடவை ஸ்பைருலினா வேஃபர் (பாசியில் செய்த தீனி வில்லை), உப்புப் போகக் கழுவிய கூனிப்பொடி ஒரு சிட்டிகை. பாசி தின்னும் மீன் என்று சொல்லிக் காய் போடாமல் விட்டால் வயிறு ஒட்டிச் சாகும். கடைக்காரர் சொல்லாத விஷயம் இது.

ஆனி ஆடிச் சாரலில்தான் எங்கள் தொட்டியில் முதல் முட்டை வந்தது. இந்த மீன்களுக்கு மழைத் தண்ணீர் ஆற்றில் இறங்குவதுதான் சமிக்ஞை. தண்ணீர் குளிரும், உப்புச்சத்து குறையும், ஓட்டம் கூடும். தொட்டியில் 28 டிகிரி இருந்தது. மழை பிடித்த வாரத்தில் 25 டிகிரியில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, தொடர்ந்து இரண்டு நாள் நாற்பது சதவீதம் மாற்றினேன். ஏர் பம்பைக் கூட்டிவைத்தேன். ஆண் வெறும் குழாய்க்குள் வாயால் சுவரைச் சுத்தம் செய்து, வாலை ஆட்டி விசிற ஆரம்பித்தது. பிறகு ஒரு பெண் வாசலில் வந்து நிற்பதும் போவதுமாக இருந்தது. ஒரு ராத்திரி இரண்டும் உள்ளே, ஆண் வாசலை அடைத்தபடி. காலையில் பெண் வெளியே. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் ஆணின் வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து.

அந்த முதல் கொத்தை ஆண் மறுநாளே வெளியே தள்ளிவிட்டது. புதுத் தகப்பன்களிடம் இது சகஜம், ஆண் மேல் சந்தேகப்பட வேண்டாம். தள்ளிய முட்டைகளைக் காப்பாற்ற வழி உண்டு. டீ வடிகட்டி ஒன்றைத் தண்ணீர் மட்டத்தில் தொங்கவிட்டு, முட்டையை அதில் போட்டு, அடியில் ஏர் ஸ்டோன். காற்றுக்குமிழி நேரடியாக முட்டையை அடிக்காமல், பக்கத்தில் ஏறித் தண்ணீரை ஓட்ட வேண்டும். நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்று தண்ணீரில் போட்டால் பூஞ்சை குறையும். வெள்ளையாக மாறும் முட்டையைத் தினமும் சொட்டுக்குழாயால் எடுத்துவிட வேண்டும், ஒன்று கெட்டால் பக்கத்தில் உள்ளதற்கும் பரவும். மெத்திலீன் புளூ என்ற பூஞ்சை மருந்தும் போடலாம், ஆனால் தனிப் பாத்திரத்தில் மட்டும், தொட்டியில் கொட்டினால் ஃபில்டர் பாக்டீரியா போய்விடும். அந்தக் கொத்தில் பாதிக்கு மேல் பொரித்தது.

அடுத்த கொத்திலிருந்து ஆண் விடவே இல்லை. இரவும் பகலும் பக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டே, முட்டையை வாயால் துடைத்துக்கொண்டே இருக்கும். தீனிக்குக்கூட வெளியே வராது, வயிறு உள்வாங்கிப் போகும். இந்த நேரத்தில் குழாயைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. விளக்கடிப்பதும் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். 26 டிகிரியில் ஐந்து நாளை ஒட்டிப் பொரிக்கும். பொரித்த குஞ்சுக்குப் பெரிய மஞ்சள் கருப்பை வயிற்றில் தொங்கும், வால் மட்டும் துடிக்கும். அது வற்ற இன்னும் ஒரு வாரம்போல் ஆகும். அதுவரை தகப்பன் வாசலில்தான். பிறகு குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு வந்து ஒட்டும்.

குஞ்சுகள்

ஒரு கொத்தில் நாற்பது முதல் நூறு வரை வரலாம். பொரிப்பது சுலபம், அடுத்த ஒரு மாதம்தான் சோதனை. குஞ்சு எப்போதும் வயிறு நிறைய மேய வேண்டும், அதே நேரத்தில் தண்ணீர் கெடக் கூடாது. இதற்கு நான் கண்ட வழி பழைய ஓடு. உடைந்த கூரை ஓட்டுத் துண்டுகளை மாடியில் ஒரு டப்பில் தண்ணீர் விட்டு, மீன் தொட்டிக் கழிவுத் தண்ணீரும் கொஞ்சம் சேர்த்து, வெயிலில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சைப்பாசி மூடிவிடும். இரண்டு ஓட்டைக் குஞ்சுத் தொட்டியில் வைப்பேன், மேய்ந்து சிவப்பு தெரிந்ததும் டப்பில் உள்ளதோடு மாற்றிக்கொள்வேன். இதனால் ராத்திரி போட்ட வெள்ளரி அழுகி அம்மோனியா ஏறும் தொல்லை குறைந்தது. காயும் தொடர்ந்து கொடுக்க வேண்டும், ஓடு துணைதான். தண்ணீர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முப்பது சதவீதம்.

என் ஆண் பழுப்பு, பெண்களில் ஒன்று அல்பினோ. அவற்றின் குஞ்சுகள் எல்லாமே பழுப்பாக வந்தன. அல்பினோ நிறம் ஒடுங்கு மரபுக்கூறு, தாய் தகப்பன் இரண்டிடமும் இருந்தால்தான் வெளியே தெரியும். இந்தப் பழுப்புக் குஞ்சுகள் ஒவ்வொன்றும் அதை மறைவாகச் சுமக்கின்றன. அவற்றில் இரண்டை இணை சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று அல்பினோவாக வரும். கொடுக்கும்போது இதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன், பழுப்பு ஜோடியிலிருந்து வெள்ளைக் குஞ்சு வந்தால் நோய் என்று பயந்துவிடக் கூடாது.

பெரிய சக்கர் வீட்டில் இருந்தால்

பெரிய சக்கர் வாங்கியவர்களுக்கு ஒன்றரை வருடத்தில் தொட்டி போதாமல் போகும். அப்போது குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடலாம் என்று தோன்றும். பழையாற்றிலோ, தேரூர் குளத்திலோ, வீட்டுப் பக்கத்துச் சானலிலோ அதை விட்டுவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். அந்த மீன் பொந்து தோண்டுவது மண்கரையில். ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் வளை குடையும். ஒரே கரையில் பக்கம் பக்கமாக நிறைய வளைகள். நம் மாவட்டத்தின் விவசாயம் நிற்பதே மண்கரைகளில்தான். பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் திறக்கும் தண்ணீர் தோவாளை சானல், அனந்தனார் சானல், பத்மநாபபுரம் புத்தனார் சானல் வழியாகக் குளம் குளமாகப் போய்க் கடைவரம்பு வரை சேருகிறது. ஒரு குளத்தில் விட்ட மீன் ஒரு குளத்தோடு நிற்காது. வயிற்றால் காற்றைச் சுவாசிக்கும் சக்தி இருப்பதால் அழுக்குத் தண்ணீரிலும், தண்ணீர் வற்றிய சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தின் ஆமையிழஞ்சான் தோடு என்ற கால்வாயில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. வலையில் மாட்டினால் முள் வலையைக் கிழிக்கும், சந்தையில் விலையும் கிடைக்காது, மீன்பிடிக்கிறவருக்கு நஷ்டம் மட்டும்தான். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. அங்கே நம் நாட்டுக் கெளுத்தியும் விராலும் வாழ இடம் வேண்டும். பெரிய சக்கரை வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் சேருங்கள்.

குஞ்சுகளைக் கொடுப்பது

ஒன்றரை இஞ்ச் ஆனதும்தான் கொடுக்கிறேன், அதற்குமுன் இடம் மாறினால் நிறையச் சாகும். வலையால் பிடிக்க வேண்டாம், கன்னமுள்ளும் துடுப்பு முள்ளும் வலையில் சிக்கி, பிரிக்கும்போது காயமாகும். ஒரு கண்ணாடி டம்ளரைக் கண்ணாடியோடு ஒட்டிச் சரித்து மீனை உள்ளே ஓட்டினால் போதும். பையில் கட்டும்போது ஒரு பைக்குள் இன்னொரு பை, மூலைகளை ரப்பர் பேண்ட் போட்டு உருட்டையாக்கிவிட வேண்டும், முள் குத்திப் பை ஒழுகாது. கொண்டுபோகும் முதல்நாள் தீனி நிறுத்தினால் பைத்தண்ணீர் கெடாது.

கொளச்சல் பக்கத்து நண்பர் வீட்டுப் போர் தண்ணீரில் டிடிஎஸ் 400-க்கு மேல். அவருக்குக் கொடுத்தபோது பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அவர் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சேர்த்துப் பழக்கினோம். இப்போது அங்கேயும் முட்டை வருகிறது, அதனால் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருப்பவர்களும் தயங்க வேண்டாம். ஜோடி கேட்பவர்களுக்கு ஒரே கொத்திலிருந்து இரண்டையும் கொடுப்பதில்லை. ஆணை என்னிடமிருந்தும் பெண்ணை அந்த நண்பர் வேறிடத்தில் வாங்கிய வழியிலிருந்தும் சேர்த்துக் கொடுக்கிறோம். மண் குழாயும் வேண்டுமென்றால் பாட்டாவிடம் சொல்லி வைக்கிறேன், சூளை வைக்கும்போது சேர்த்துச் சுட்டுத் தருகிறார்.